கொடிகளை உறங்க விடுவோம்

ஐரோப்பாவில் இலையுதிர்காலம் தொடங்கிவிட்டது. எம்மவர் வீடுகளின் பின்வளவுகளிலும் மேல்மாடங்களிலும் கோடை முழுவதும் செழித்துப் படர்ந்த மல்லிகையும் பிச்சியும் போகன்வில்லாவும் கொடித்தோடையும் கார்த்திகைப்பூவும் இன்னுஞ் சில வாரங்களில் முதற் குளிரைச் சந்திக்கவுள்ளன. இவை யாவும் வெப்பநாட்டுக் கொடிகள். கடும் உறைபனி ஓரிரவு படிந்தாலே கருகிவிடக் கூடியவை. வைகாசியில் ஆசையோடு வாங்கிய மல்லிகை தை பிறக்குமுன் பட்டுப்போவதும், அடுத்த வைகாசியில் மீண்டும் ஒரு சாடி வாங்கப்படுவதும் பல குடும்பங்களில் ஆண்டுதோறும் நிகழ்கின்றன.

குளிர் கொன்றுவிட்டது என்று கூறி மனத்தைத் தேற்றிக்கொள்வோர் பலர். ஆனால், வீட்டுக்குள் எடுத்து வைக்கப்பட்ட கொடி பட்டுப்போவதற்குக் குளிர் காரணமாவது அரிது. சூடேற்றியின் அருகே இருந்து வாடியோ, நாள்தோறும் ஊற்றப்பட்ட நீரில் வேரழுகியோதான் அது பெரும்பாலும் இறக்கின்றது. குளிர்காலத்தில் ஒரு கொடிக்குச் செய்யக்கூடிய பேருதவி, அதனை வளரத் தூண்டாது உறங்க விடுவதேயாகும். உறையாத இடம், குறைந்த நீர், கிடைக்கின்ற அளவு வெளிச்சம் ஆகிய மூன்றும் அதற்குப் போதுமானவை. இவற்றைச் சிறு செலவில் எவ்வாறு அமைத்துக் கொள்ளலாம் என்பதனை இங்கு விளக்க முனைகின்றோம்.

குளிரிலும் கொடியது இருள்

யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகற்பொழுதும் ஏறக்குறைய 11 மணி 30 நிமிடம் நீடிக்கின்றது. பாரிஸ் நகரில் டிசெம்பர் 21ஆம் திகதியளவில் பகற்பொழுது 8 மணி 15 நிமிடம் மாத்திரமே. இலண்டனில் அது 8 மணித்தியாலத்துக்கும் குறைவு. ஒஸ்லோவில் 6 மணித்தியாலத்துக்கும் குறைவு. அன்றைய நண்பகலிற்கூடப் பாரிசில் சூரியன் அடிவானிலிருந்து 18 பாகை உயரத்துக்கே எழுகின்றது. முகிலும் மூடியிருந்தால் ஒளி மேலும் குறைகின்றது.

செடியானது ஒளியைக் கொண்டே தன் உணவை ஆக்குகின்றது. இரவும் பகலும் சுவாசித்து அவ்வுணவைச் செலவிடுகின்றது. வெப்பம் கூடுந்தோறும் சுவாசமும் விரைவடையும், செலவும் கூடும். 22 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள வரவேற்பறையில், 8 மணி நேர மங்கிய ஒளியில் நிற்கும் மல்லிகையின் நிலையை எண்ணிப் பாருங்கள். வெப்பம் அதனை வளரச் சொல்கின்றது. ஒளியோ வளர்வதற்கு வேண்டிய உணவைத் தருவதில்லை. சேமிப்பைக் கரைத்து மெலிந்து நீண்ட வெளிறிய தளிர்களை அது விடுகின்றது. அத்தளிர்களைத் தேடி வெண்ணீயும் வெண்மூட்டுப்பூச்சியும் வந்து சேர்கின்றன. மாசி மாதத்தில் ஒளி திரும்பும்போது கொடியிடம் சேமிப்பு எதுவும் எஞ்சியிருப்பதில்லை.

ஆகையால் ஒளி குறையும் காலத்தில் வெப்பத்தையும் குறைத்தல் வேண்டும். வெப்பம் குறைந்தால் வளர்ச்சி நிற்கும். வளர்ச்சி நின்றால் நீர்த்தேவையும் குறையும். இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை மாத்திரம் குறைத்து மற்றையதை விட்டுவிடுவதே பெருந்தவறு. குளிர்ந்த சாடியில் நிறைந்து நிற்கும் நீரை வேர் உறிஞ்சுவதில்லை. அந்நீரில் வேர் மூச்சுத்திணறி அழுகும்.

சூடேற்றாது காத்த மாளிகை

இது புதியதொரு கண்டுபிடிப்பன்று. பாரிசின் அருகேயுள்ள வெர்சாய் அரண்மனைக்குச் சென்ற எம்மவர் பலர், அங்குள்ள தோடைமர மண்டபத்தையும் கண்டிருப்பர். பதினான்காம் லூயி மன்னனுக்காகக் கட்டடக் கலைஞர் ஜூல் ஆர்துவான் மான்சார் 1684க்கும் 1686க்கும் இடையில் எழுப்பிய கட்டடம் அது. நடு மண்டபத்தின் நீளம் 150 மீற்றருக்கும் அதிகம். சுவர்கள் பல மீற்றர் தடிப்பானவை. சாளரங்கள் தெற்கு நோக்கியவை. அவற்றுக்கு இரட்டைக் கண்ணாடி.

இங்கு சூடேற்றி கிடையாது. ஆயினும் குளிர்காலத்தில் உள்ளே வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. தோடை, எலுமிச்சை, மாதுளை, அலரி என ஆயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் பெட்டிகளில் நட்டபடியே ஒக்டோபர் நடுப்பகுதியில் உள்ளே கொண்டுவரப்பட்டு, மே நடுப்பகுதியில் வெளியே எடுக்கப்படுகின்றன. அரசனின் மாளிகையிற்கூட அவற்றுக்குக் கோடையை உண்டாக்க எவரும் முயன்றதில்லை. உறையாமற் காத்தலே போதுமெனக் கண்டனர்.

தென் பிரான்சிலுள்ள கிராஸ் என்னும் ஊரின் செய்தி எமக்கு இன்னும் நெருக்கமானது. வாசனைத் திரவியத்துக்குப் புகழ்பெற்ற அவ்வூரின் கலை 2018ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அங்கு வயல்களிற் பயிரிடப்படும் மல்லிகை எமது பிச்சியே. அங்குள்ள விவசாயிகள் குளிருக்கு இசைந்த வேறொரு மல்லிகை இனத்தின் அடித்தண்டில் பிச்சியை ஒட்டி, இலையுதிர்காலத்தில் அடித்தண்டைச் சுற்றி மண்ணை அணைத்து மூடி, வசந்தத்தில் அம்மண்ணை விலக்கி வந்தனர்.

ஊரிலுங்கூட மல்லிகைக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கம் உண்டு. தமிழ்நாட்டின் மல்லிகைத் தோட்டங்களில் நவம்பர் இறுதியளவில் செடிகளை அரைமீற்றர் உயரத்துக்கு வெட்டிவிடுவர். அதன்பின் வரும் புதுத்தளிரிலேயே பங்குனி முதல் மொட்டுகள் குவிகின்றன. வெட்டுப்பட்டு ஓய்ந்த செடியே நிறையப் பூக்கும் என்பது அங்குள்ள உழவர் நன்கறிந்ததே.

கண்ணாடி வீட்டை ஆயத்தப்படுத்தல்

பாடநூல்களில் பச்சைவீடு என்று நாம் படித்த கண்ணாடி வீட்டை, இன்று எம்மவர் பலர் தமது பின்வளவில் அல்லது வாடகைத் தோட்டத்துண்டில் அமைத்துள்ளனர். 2 மீற்றர் அகலமும் 3 மீற்றர் நீளமும் உள்ள சிறு கண்ணாடி வீடே ஒரு குடும்பத்தின் கொடிகளுக்குப் போதுமானது.

முதலில் கண்ணாடிகளை உள்ளும் புறமுங் கழுவுங்கள். கோடையில் படிந்த பாசியும் தூசியும் குளிர்கால ஒளியிற் பெரும் பங்கை விழுங்கிவிடும். பின்னர், பொதிகளைச் சுற்ற உதவும் குமிழிப் பிளாஸ்ரிக் தாளை உட்புறத்தில் ஒட்டுங்கள். குமிழிகளில் அடைபட்ட காற்று வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். கதவிடுக்கையும் உடைந்த கண்ணாடியையும் அடையுங்கள். மேற்சாளரத்தை மாத்திரம் திறக்கக்கூடியதாக விடுங்கள். வெயில் காயும் நண்பகலில் ஒரு மணி நேரமாவது அதனைத் திறத்தல் வேண்டும். தேங்கிய ஈரக்காற்று சாம்பல் பூஞ்சணத்துக்கு உகந்த இடம்.

சூடேற்றுவதாயின் எவ்வளவு என்ற வினா எழும். வெப்ப இழப்பு உள்வெப்பத்துக்கும் வெளிவெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. வெளியே 0 பாகை இருக்கும் இரவில், உள்ளே 5 பாகையைப் பேணுவதற்கு ஆகும் செலவு ஒரு மடங்கெனில், 10 பாகையைப் பேணுவதற்கு ஏறத்தாழ இரு மடங்கும், 20 பாகையைப் பேணுவதற்கு நான்கு மடங்கும் ஆகும். மின்கட்டணம் குடும்பங்களை வருத்தும் இந்நாட்களில் இக்கணக்கை மனத்திற் கொள்ளல் நன்று. பெரும்பாலான கொடிகளுக்கு 5 முதல் 7 பாகை போதும். வெப்பநிலை இறங்கும்போது மாத்திரம் தானாக இயங்கும் சிறு மின்சூடேற்றியே சிறந்தது. இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையைக் குறித்துக் காட்டும் வெப்பமானி ஒன்றும் அவசியம்; அதன் விலை அதிகமன்று.

மண்ணெண்ணெய் அடுப்பு மலிவெனச் சிலர் நாடுவர். ஒரு இலீற்றர் மண்ணெண்ணெய் எரியும்போது ஏறக்குறைய ஒரு இலீற்றர் நீர் ஆவியாக வெளிவருகின்றது. எந்த ஈரத்தை நாம் தவிர்க்க விரும்புகின்றோமோ அதனையே அது கொண்டுவருகின்றது. மேலும், எண்ணெயோ கரியோ எரியும் அடுப்பை அடைத்த இடத்தில் வைத்துவிட்டு அங்கே தங்கியிருத்தல் உயிராபத்தானது. கரியடுப்பை எக்காரணங் கொண்டும் கண்ணாடி வீட்டுக்குள்ளோ வீட்டுக்குள்ளோ வையாதீர்கள்.

கொடிக்குக் கொடி வேறுபடும்

எல்லாக் கொடிகளும் ஒரேவிதமாக உறங்குவதில்லை.

போகன்வில்லா: உறங்கத் தெரிந்த கொடி. ஊரின் ஒவ்வொரு படலையிலும் இதனைக் கண்டு வளர்ந்த எமக்கு இது எம் மண்ணின் கொடியாகவே தோன்றும். உண்மையில் இது தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. 1767இல் பிறேசிலில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் கொமெர்சோன் இதனைச் சேகரித்தார். அவர் பயணித்த கடற்படைத் தலைவரின் பெயரே கொடிக்கு வழங்கலாயிற்று. குளிர் கூடும்போது இது இலைகளை முற்றாக உதிர்க்கும். இலையுதிர்தலை இறப்பெனக் கருதி எறிந்துவிடுவோர் பலர். நகத்தால் பட்டையைச் சற்றுச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் உண்டு. 5 பாகைக்கு மேல் இருந்தால் தாங்கும். நீர் மாதம் ஒருமுறை ஒரு குவளை போதும். மாசி இறுதியில் பக்கக் கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள்.

பிச்சி: 5 பாகைக்குக் கீழே இறங்காதிருந்தால் தாங்கும். சில இலைகளை உதிர்க்கும், அதனால் தீங்கில்லை.

குண்டுமல்லிகையும் அடுக்குமல்லிகையும்: இவை முழுமையாக உறங்குவதில்லை. 10 முதல் 13 பாகை வரை வேண்டும். கண்ணாடி வீட்டில் அவ்வளவு சூடேற்ற இயலாதோர், வீட்டின் சூடேற்றாத படுக்கையறைச் சாளரத்தருகே வைக்கலாம். சூடேற்றிக்கு மேலுள்ள சாளரத்தட்டு ஆகாது. மாசி முடிவில் மூன்றிலொரு பங்கை வெட்டிவிடுங்கள். மொட்டு புதுத்தளிரிலேயே வரும்.

கொடித்தோடை: இதுவுந் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. 5 முதல் 10 பாகை போதும். கனியும் புதுத்தளிரிலேயே வருவதால் வசந்தத்தில் நன்கு வெட்டலாம். நீலப்பூப் பூக்கும் ஒருவகை இந்நாட்டுக் கடைகளில் வெளியே வளர்வதற்கென விற்கப்படுகின்றது. அது குளிரைத் தாங்கும். ஆனால் அதன் கனிக்கு எமது கொடித்தோடையின் சுவை கிடையாது. வாங்கும்போது இவ்வேறுபாட்டைக் கவனியுங்கள்.

வெற்றிலை: இது விதிவிலக்கு. 15 பாகைக்குக் குறையாத வெப்பமும் ஈரக்காற்றும் வேண்டும். நிழலைத் தாங்கும் கொடியாகையால் குசினிச் சாளரமோ குளியலறைச் சாளரமோ இதற்கு ஏற்ற இடம், கண்ணாடி வீடன்று.

கார்த்திகைப்பூ

காந்தள் என இலக்கியங்கள் போற்றும் இக்கொடியைத் தனியே கூறுதல் தகும். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் அடுக்கப்படும் மலர்களின் வரிசை காந்தளுடனேயே தொடங்குகின்றது. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

மழைக்காலத்தில் தழைத்து, வறட்சியில் மண்ணுக்கு மேலுள்ள பகுதி முழுவதும் மடிந்து, கிழங்காக உயிர் காப்பது இக்கொடியின் இயல்பு. ஆகவே ஐரோப்பிய குளிர்காலத்தைக் கடப்பதற்கு இதற்கு ஒளியும் வேண்டியதில்லை, நீரும் வேண்டியதில்லை. புரட்டாதி, ஐப்பசியில் இலை மஞ்சளாகத் தொடங்கியதும் நீரை நிறுத்துங்கள். தண்டு காய்ந்தபின் சாடியை அப்படியே உலர்ந்த இடத்தில் வைக்கலாம். அல்லது கிழங்கை மெதுவாக எடுத்து உலர்ந்த மணலில் அல்லது மரத்தூளில் புதைத்து, 10 முதல் 15 பாகை வெப்பமுள்ள அலுமாரியில் வைக்கலாம். கிழங்கு இரு விரல்போலக் கவர்விட்டிருக்கும். முளை அதன் நுனியில் மாத்திரமே உண்டு. நுனி ஒடிந்தால் அந்த விரல் முளையாது. பங்குனியில் கிழங்கைக் கிடையாக வைத்து, 5 முதல் 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் நட்டு, 20 பாகை வெப்பத்தில் வைத்தால் சில வாரங்களில் முளைக்கும். இலைநுனியே சுருண்டு பற்றிக்கொள்ளுமாகையால் மெல்லிய கம்பியோ குச்சியோ போதும்.

இந்நாடுகளில் இது கார்த்திகையிற் பூப்பதில்லை. ஆடி, ஆவணியிலேயே பூக்கின்றது. பெயருக்கேற்பக் கார்த்திகையிற் பூக்கவில்லையே என வருந்த வேண்டியதில்லை. இங்கு அதற்கு மழைக்காலம் என்பது நாம் நீர் ஊற்றத் தொடங்கும் நாளேயாகும்.

ஒரு கடும் எச்சரிக்கை. இக்கொடியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. கிழங்கு மிகக் கொடிய நஞ்சு. அதிலுள்ள கொல்சிசின் உயிரைப் போக்கவல்லது. வள்ளிக்கிழங்கென எண்ணி உண்டு இறந்தோர் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் உண்டு. கிழங்குகளை ஒருபோதும் குசினியில் வையாதீர்கள். பொதியின்மேல் நஞ்சு எனத் தமிழிலும் நீங்கள் வாழும் நாட்டின் மொழியிலும் எழுதுங்கள். கையுறை அணிந்து தொடுங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், பூட்டி வைக்க இடமில்லையெனில் இக்கொடியைத் தவிர்ப்பதே முறை.

கண்ணாடி வீடு இல்லாதோர்

எம் வாசகர்களிற் பலருக்குத் தோட்டமே இல்லை. தொடர்மாடியில் வாழ்வோர், சூடேற்றாத மாடிப்படிச் சாளரத்தடியையும் கண்ணாடியிட்ட மேல்மாடத்தையும் பயன்படுத்தலாம். மாடிப்படியில் வைப்பதற்கு அயலவரின் சம்மதமும் கட்டட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். தீ விபத்தின்போது வெளியேறும் வழியை எச்சாடியும் மறித்தலாகாது.

தஞ்சம் கோரி விடுதிகளிலும் முகாம்களிலும் தங்கியிருப்போரின் நிலை வேறு. அடுத்த மாதம் எந்நகருக்கு மாற்றப்படுவோம் என்பதறியாதவர் பெரிய சாடியை எங்கே கொண்டு செல்வது? அவர்களுக்கு நாம் பரிந்துரைப்பது விதையாக உறங்கும் கொடிகளை. சங்குப்பூவும் பாகலும் புடோலும் ஒரே கோடையில் வளர்ந்து பூத்துக் காய்த்துவிடும். முற்றிய விதைகளை நிழலில் உலர்த்திக் கடதாசி உறையில் இட்டு, பெயரும் ஆண்டும் எழுதி வைத்தால் அவ்வுறை சட்டைப்பையில் அடங்கும். சித்திரையில் சங்குப்பூ விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, சாளரத்தட்டில் சிறு சாடியில் ஊன்றலாம்.

ஊரிலிருந்து கொடித்துண்டு கொண்டுவர எண்ணுவோருக்கும் ஒரு வார்த்தை. 2019 டிசெம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள், தாவரநலச் சான்றிதழின்றிச் செடியோ, தண்டோ, கிழங்கோ, நடுகைக்கான விதையோ கொண்டுவர முடியாது. அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், ஈச்சம்பழம், டூரியான் ஆகிய ஐந்து கனிகளுக்கு மாத்திரமே விலக்குண்டு. ஒரு தண்டுத்துண்டோடு வரும் பூச்சி ஒரு நாட்டின் பயிரையே அழிக்கக்கூடும் என்பதே இச்சட்டத்தின் காரணம். ஊரிலிருந்து கொண்டுவர வேண்டிய தேவையும் இன்று இல்லை. ஒல்லாந்தில் கிளோரியோசா என்னும் பெயரில் கார்த்திகைப்பூ பயிராகின்றது. அதன் கிழங்குகள் வசந்தத்தில் ஐரோப்பியத் தோட்டக் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. குண்டுமல்லிகையை யஸ்மினும் சம்பாக் என்று கேளுங்கள்.

எப்போது வெளியே எடுப்பது?

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது எமது உழவர் கணக்கு. இந்நாட்டு உழவருக்கும் அத்தகைய கணக்கு உண்டு. மே மாதம் 11, 12, 13ஆம் திகதிகளைப் பிரெஞ்சு மக்கள் பனிப் புனிதர்களின் நாட்கள் என்பர்; ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் அது 15ஆம் திகதி வரை நீளும். அந்நாட்கள் கழியுமுன் மென்கொடிகளை வெளியே வைக்கலாகாது என்பது பழைய வழக்கு. சித்திரையில் ஓரிரு நாள் வெயில் எறித்ததைக் கண்டு ஏமாறாதீர்கள். மே நடுப்பகுதிக்குப் பின்னரும் முதல் வாரம் பகலில் வெளியேயும் இரவில் உள்ளேயும் வைத்துப் பழக்குங்கள். இலையுதிர்த்த போகன்வில்லா ஆனி வரை தளிர்விடாமல் இருக்கவுங் கூடும். அதுவரை அதனை எறிய வேண்டாம்.

இப்பொழுது செய்ய வேண்டியவை இவை. இரவு வெப்பநிலை 10 பாகையை எட்டுமுன் சாடிகளை உள்ளே எடுங்கள். பசளை இடுவதை இன்றே நிறுத்துங்கள். இலைகளின் அடிப்புறத்தைச் சவர்க்கார நீரால் துடைத்து, பூச்சிகளையும் முட்டைகளையும் அகற்றுங்கள். நீண்ட கொடிகளைச் சற்றுக் குறைத்துக் கட்டுங்கள். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அகற்றுங்கள். கார்த்திகை முதல் தை வரை நீர் ஊற்றுமுன் சாடியைக் கையால் தூக்கிப் பாருங்கள். பாரமாக இருந்தால் அன்று நீர் வேண்டாம். இன்னும் ஒரு வாரம் கழித்துத் தூக்கிப் பார்த்தாற் போதும்.